ஊசி போட்டாச்சு, சோறு என்ன போட?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிறவள் நான். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். உங்கள் பேப்பரை மதியத்துக்கு மேல் டீக்கடையில் வாங்கி வந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். இதுவரை எந்தப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுதுவது எங்கள் வீட்டு நாய் செவலைக்காக. அதற்கு முன்னால் என் மடியிலேயே செத்துப்போன ஒரு குட்டிக்காகவும்தான்.

நாய்க்கு நோவு வந்தால் ஊசி போட ஆள் இருக்கிறது. மாத்திரை எழுதித் தரவும் ஆள் இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகு அதற்கு என்ன ஊட்டணும், எவ்வளவு ஊட்டணும், எதைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது என்று சொல்லத்தான் ஆளைக் காணோம். நமக்குக் காய்ச்சல் என்றால் "இட்லி சாப்பிடுங்க, கஞ்சி குடிங்க, காரம் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லாமல் விடுவதில்லை. நாய்க்கு அந்த நாலு வார்த்தை கிடைப்பதில்லை. அதனால் ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள், நாமும் கேட்டதையெல்லாம் செய்துவிடுகிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூரில் வேலை பார்க்கிற என் மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, ரோட்டோரம் கிடந்த இரண்டு மாசக் குட்டி ஒன்றை எடுத்து வந்தான். கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. தெருவில் கிடந்ததுக்கு எதுக்குத் தடுப்பூசி என்று நாங்கள் போடவில்லை. மாசிப் பிறப்புக்கு முன்னாலேயே வாந்தி ஆரம்பித்தது, மறுநாள் வயிற்றால் போனது, சாயங்காலம் அதில் ரத்தம். காட்டின இடத்தில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, "லைட்டா ஏதாவது குடும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அவ்வளவுதான் பேச்சு.

லேசான ஆகாரம் என்றால் எனக்குப் பால்தான் தெரியும். பிள்ளைக்குக் கொடுப்பதுதானே. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி ஒரு டம்ளர் முழுக்க வைத்தேன். பாவம், தாகத்தில் அவ்வளவையும் குடித்தது. அரை மணி நேரத்தில் அவ்வளவும் வெளியே. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் போனது. பக்கத்து வீட்டுப் பெரியம்மை வந்து பார்த்துவிட்டு, "வயிறு காயட்டும்ட்டி, ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சரியாயிரும்" என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள், ஆட்டுக்குட்டி மாட்டுக்குட்டி எல்லாம் வளர்த்தவள். நான் சோற்றோடு தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை அது போய்விட்டது.

அதற்கு வந்தது பார்வோ என்கிற வைரஸ் நோய் என்று பிறகு தெரிந்தது. நான் எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் போயிருக்கலாம், அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனால் அந்தச் சின்ன உயிர் கடைசி ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தது என் கையால்தான். அதை நான் மறக்கவில்லை.

இனி செவலை. அது நாங்கள் வளர்க்கவேண்டும் என்று கொண்டுவந்த நாய் இல்லை. ஐந்து வருஷமாக எங்கள் திண்ணைதான் அதற்கு வீடு. நான் மடியில் தட்டை வைத்து இலைக்குத் தூள் போட்டுச் சுற்ற உட்கார்ந்தால், கால்மாட்டில் வந்து படுத்துக்கொள்ளும். இந்த ஆவணியில் ஒரு நாள் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயிலுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனபோது, அது படுத்திருந்த சிமெண்டுத் தரையில் நாலு சொட்டு ரத்தம். மூக்கிலிருந்து வந்திருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்த துணி மாதிரி இருந்தது. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி கொத்துக் கொத்தாக.

நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது. தெருப் பையன் ஒருவனின் லோடு ஆட்டோவில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து, பேட்டை வழியாக இராமையன்பட்டிக்குக் கொண்டு போனோம். 2012இல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரியும் அதோடு சேர்ந்ததுதான். ஆட்டோவுக்கே இரண்டு நாள் பீடிக்கூலி போய்விட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி ரத்தத்தில் ஏறி, டெங்கு வந்தால் நமக்குக் குறைகிறதே அந்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடுமாம். மூக்கில் ரத்தம் வந்தது அதனால்தான். டாக்சிசைக்ளின் என்கிற மாத்திரை, 28 நாள், ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார்கள்.

"வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும்மா, சாப்பாட்டோட குடுங்க. பால்ல மட்டும் கலந்து குடுக்காதீங்க" என்றது அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பிள்ளை.

"அது சாப்பிடவே மாட்டேங்குதே தாயி, பொறவு எப்படிச் சாப்பாட்டோட குடுக்க?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பையில் இருந்த பீடிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதுகிற விவரத்தில் பாதி அந்தப் பக்கத்தில் உள்ளது. மீதி, அதை வைத்துக்கொண்டு 28 நாள் நானே பார்த்தது.

முதலில் மூக்கு. நாய்க்குப் பசி வருவதே மூக்கு வழியாகத்தான். செவலையின் மூக்கில் ரத்தமும் சளியும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அப்படியிருந்தால் சோற்றுத் தட்டு அதற்கு வெறும் தட்டுதான், மணமே தெரியாது. பழைய வேட்டித்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒற்றி ஒற்றி, பொருக்கு ஊறினதும் மெதுவாகத் துடைத்து எடுத்தேன். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மறுபடியும் ரத்தம் வரும். துடைத்த கொஞ்ச நேரத்தில் இரண்டு நாசியும் அசைந்தன. அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. படுத்தபடியே தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. மூன்று நாளில் அது தானாகத் தலையைத் திருப்பியது அப்போதுதான்.

சரி, இனி சாப்பிட்டுவிடும் என்று ஆசையாகக் கையில் எடுத்து நீட்டினால், மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தது. எனக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் என் கையை நானே மோந்து பார்த்தேன். புகையிலைத் தூள். முப்பது வருஷமாக ஊறின கை, எனக்கு அந்த நாற்றமே தெரிவதில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, நகக்கண்ணில் இருந்த தூளை ஈர்க்குச்சியால் எடுத்து, கோழி வெந்த தண்ணீரில் விரலை முக்கி நீட்டினேன். ஒரு தடவை நக்கியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடியும் நக்கியது. ஆசிரியர் அவர்களே, நான் அழுதுவிட்டேன்.

புகையிலைத் தூள் நாய் வயிற்றுக்குள் போனால் விஷம். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு இருக்கிறது, அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். அந்த 28 நாளும் அதற்கு ஊட்டி முடித்த பிறகுதான் தட்டை மடிக்கு எடுத்தேன்.

சாப்பாடு பெரிய செலவில்லை. பச்சரிசிக் குருணையைக் குழைய வேக வைத்து, தோல் உரித்த கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் அவித்து, நார்நாராகப் பிய்த்துப் பிசைந்தேன். உப்பு, மஞ்சள், மிளகாய், எண்ணெய் எதுவும் கிடையாது. எலும்பு ஒன்றுகூடக் கிடையாது, வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும். கறி வாங்க முடியாத நாளில் ஒரு முட்டையை அவித்து மசித்தேன். முகத்தைத் திருப்பின வேளைகளில் வெந்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நுனி அளவு மேலே வைத்தால், அதற்காகவே வாயைத் திறக்கும். எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கணும். ஆறிப்போனால் மணம் போய்விடுகிறது.

அளவுதான் முக்கியம். ஒரு தட்டு நிறைய வைத்து "தின்னு தின்னு" என்று நின்றால் நோயாளி நாய் பயந்துவிடுகிறது. முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூன்று ஸ்பூன், அதற்கு மேல் இல்லை. தங்கினால் மறுநாள் ஐந்தாறு ஸ்பூன். வாந்தி எடுத்தால் உடனே திரும்பவும் ஊட்டக் கூடாது. வளர்ந்த நாயானால் சில மணி நேரம் வயிற்றைச் சும்மா விட்டு, பிறகு தண்ணீரை நாக்கு நனைகிற அளவு, அது தங்கினால் கஞ்சித் தெளிவு, அதுவும் தங்கினால் பருக்கை. குட்டிக்கு இந்தப் பட்டினிக் கணக்கே ஆகாது. அதன் உடம்பில் சேர்த்து வைத்தது ஒன்றுமில்லை, சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். வளர்ந்த நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகணும், குட்டியானால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வாந்தி நிற்காமல் போனாலும், வயிறு கல் மாதிரி உப்பினாலும் ஊட்டுகிற வேலையே வேண்டாம், ஓடணும்.

உடம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தப் பிள்ளைதான் சொல்லித் தந்தது. பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டால் உடனே படிந்துவிடணும். கூடாரம் மாதிரி நின்றால் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஈறு ஈரமாக வழுக்கணும், ஒட்டக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் நானும் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். பன்னைப் பாலில் நனைத்து நடுவே மாத்திரையை வைத்தால் விழுங்கிவிடும் என்று தோன்றியது. பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முழுசாக ரத்தத்தில் சேர விடாது. தயிரும் அப்படித்தான். கறி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே இன்னும் இரண்டு வாய் ஊட்டி, கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வைத்தேன். வெறும் மாத்திரையாகத் தொண்டையில் போட்டுவிட்டால் அது வழியிலேயே ஒட்டிப் புண்ணாக்கும்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் கஞ்சித் தெளிவு கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டு வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கிச் சளிக் காய்ச்சலாகிவிடும். கன்னத்து ஓரம், கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் கொஞ்சம் விட்டு, அது விழுங்கின பிறகு அடுத்தது. நினைவு தப்பிப் படுத்துக் கிடக்கிற நாய்க்கு அதுவும் கூடாது.

அந்த வாரத்தில் தெருவில் ஒரு கல்யாணம். மறுவீட்டுக்குச் சொதி வைத்திருந்தார்கள். எங்கள் மதினி ஒரு தூக்குவாளி நிறையச் சொதிச் சோறு கொண்டுவந்து, "பாவம், எலும்பும் தோலுமா கெடக்கு, இதத் திங்கட்டும்" என்றாள். அவ்வளவு பாசமாக வந்தவளைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கொடுக்கவும் முடியாது. சொதியில் சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடக்கும். இந்த இரண்டும் நாய் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையாகத் தின்றாலும் சரி, வெந்ததைத் தின்றாலும் சரி, குழம்பாக இறங்கினாலும் சரி. ஏற்கெனவே ஈறு வெளுத்துப்போய் ரத்தம் இல்லாமல் கிடக்கிற நாய்க்கு அது எப்படித் தாங்கும்? போதாததுக்குத் தேங்காய்ப்பால் கொழுப்பு வேறு. மதினியை உட்கார வைத்து விவரத்தைச் சொன்னேன். "யாத்தா, நாங்க தெனமும் கொழம்புச் சோறுதானட்டி போடுதோம்" என்று வாயில் கைவைத்தாள். சொதியை நானும் அவளும் சாப்பிட்டோம். மறுநாளிலிருந்து அவள் வீட்டு நாய்க்குக் குழம்பு ஊற்றும் முன்னால் தனியாகச் சோறு எடுத்து வைக்கிறாள். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் எல்லாமும் நாய்க்கு விஷம்தான், அதனால் பாயசத்து மிச்சத்தையும் ஊற்றாதீர்கள்.

காய்ச்சல் என்றதும் நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். வலிக்கு நாம் போடுகிற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் குடலில் ரத்தம் கசிய வைத்து, கிட்னியையும் கெடுக்கும். நாய் உடம்பு 101இலிருந்து 102.5 டிகிரி வரை இருப்பதே அதற்கு இயல்பு. நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. எந்த நோயாளி நாய்க்கும் கையால் ஊட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, காரணமில்லாமல் சீறுகிற நாயானால் அது வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, விலகி நின்று கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளணும்.

குட்டி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வோ தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் ஆகும்வரை போடணும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும். எங்கள் குட்டி செத்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவணும் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகச் சுவரில் கோமாரி நோய்க்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. மாட்டுக்குத் தீவன அட்டவணைகூட இருக்கிறது. நல்லது, மாடுதானே எங்கள் ஊரில் சோறு போடுகிறது. அதற்குப் பக்கத்தில் நாய்க்கு ஒரு அட்டை மாட்ட இடம் இருக்கிறது. கால்நடைப் பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு பக்கத்துக்குத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். வாந்தி பேதிக்கு என்ன கொடுக்கணும், உண்ணிக் காய்ச்சலுக்கு என்ன, எந்த மாத்திரையைப் பாலோடு கொடுக்கக் கூடாது, எந்தக் குழம்பை ஊற்றக் கூடாது, எப்போது ஊட்டாமல் ஓடி வரணும். டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவர் ஒரே காலையில் சினை ஊசி போட்டு, ஆட்டுக்கு மருந்து ஊற்றி, நடுவில் நாயையும் பார்க்கிறார். ஒவ்வொருத்தருக்கும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச முடியாது. அதனால்தான் காகிதம் கேட்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கணும், இங்கிலீஷ் வார்த்தை போட்டாலும் தமிழ் எழுத்தில் போடணும்.

இராமையன்பட்டிக்கு எல்லாராலும் போக முடியாது. களக்காட்டிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் ஒரு நாயை ஆட்டோவில் கொண்டுவரக் கூலிக்காரர் எத்தனை பேரால் முடியும்? என் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு செவலையைப் பிழைக்க வைத்ததில் பாதி அந்த ஒரு பக்கக் குறிப்பு. அந்தப் பக்கம் ஒவ்வொரு ஊர் மருந்தகத்திலும் இருக்கலாமே.

செவலைக்கு மாத்திரை முடிந்து மறுபடியும் ரத்தம் பார்த்தோம். அணுக்கள் ஏறியிருக்கின்றன. பழைய சாப்பாட்டுக்கு ஒரேயடியாக மாற்றாமல், ஐந்தாறு நாள் குருணையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொண்டுவந்தேன். இப்போது தட்டைக் காலி செய்துவிட்டு, தட்டையும் திண்ணையில் இழுத்துக்கொண்டு போகிறது. தினமும் சாயங்காலம் காதையும் விரல் இடுக்கையும் விரித்து உண்ணி பார்க்கிறேன், முதலில் உறுமும், பிறகு காட்டும்.

இந்தக் கடிதத்தை முழுசாகப் போட இடமில்லையென்றால், கதையை வெட்டிவிட்டுக் கொடுக்கவேண்டியது, கொடுக்கக்கூடாதது மட்டுமாவது கட்டம் கட்டிப் போடுங்கள். ஒரு கால்நடை டாக்டரிடம் காட்டித் திருத்திப் போட்டால் இன்னும் நல்லது. வருகிற அன்றைக்கு டீக்கடைப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், தனியாக இரண்டு வாங்குவேன். ஒன்று மதினிக்கு. இன்னொன்றைப் பசை தடவி மருந்தகச் சுவரில் ஒட்ட அங்கே இருக்கிற உதவியாளர் அண்ணாச்சியிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.